அமைச்சருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு வாரியம்

2019 அக்டோபரில் நியூசிலாந்து முழுவதும் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அங்கே அது தபால் தேர்தல். வீட்டுக்கு வந்த உறையில் மேயருக்கு ஒரு வாக்கு, நகர மன்றத்துக்கு ஒரு வாக்கு, அவற்றோடு மாவட்டச் சுகாதார வாரியத்துக்கும் ஒரு வாக்கு இருந்தது. ஹாமில்டன் நகரை உள்ளடக்கிய வைகாட்டோ மாவட்டத்தினருக்கு மட்டும் அந்தக் கடைசி வாக்கு அந்த ஆண்டு இல்லை. ஐந்து மாதத்துக்கு முன்பு, மே மாதத்தில், சுகாதார அமைச்சர் டேவிட் கிளார்க் அந்த வாரியத்தைக் கலைத்துவிட்டு ஆணையர் ஒருவரை நியமித்திருந்தார். நம் ஊராட்சிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தனி அலுவலர் போடுவார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. மூன்றாண்டு கழித்து எந்த மாவட்டத்துக்குமே அந்த வாக்கு இல்லாமல் போயிற்று. 2022 ஜூலை 1 அன்று நாட்டின் 20 வாரியங்களும் ஒரே நாளில் ஒழிக்கப்பட்டன.

ஒரு வட்டாரத்தின் மருத்துவமனைகளையும் நோய்த்தடுப்பையும் முதியோர் பராமரிப்பையும் யார் கையில் கொடுப்பது? தலைநகரில் இருக்கும் துறையிடமா, அந்த வட்டாரத்திலேயே கூடும் வாரியத்திடமா? வாரியம் என்றால் அதன் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதா, அமைச்சர் நியமிப்பதா? அரசே மருத்துவச் செலவை ஏற்கும் நாடுகள் பலவும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லி, சில ஆண்டுகளில் அதைத் திருத்தி, பிறகு பழையதற்கே திரும்பியிருக்கின்றன. ஒரு மனித ஆயுளுக்குள் ஏறக்குறைய எல்லா விடைகளையும் பார்த்துவிட்ட நாடு நியூசிலாந்து. ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் அங்கேயே நிற்கும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, கனடாவின் ஆல்பர்ட்டா ஆகியவை தேவைப்படும் இடங்களில் வந்துபோகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரியத்தில் யார் உட்காருவது என்ற சண்டைக்குத்தான் இதுவரை அதிக மை செலவாகியிருக்கிறது. வாரியங்கள் தேறியதும் தோற்றதும் வேறு இரண்டு காரணங்களால். பணத்தின்மேல் அவற்றுக்கு உண்மையான அதிகாரம் இருந்ததா என்பது ஒன்று. மருத்துவமனை வார்டுக்குள் நடப்பது வாரியத்தின் மேசைக்கு மழுப்பலில்லாமல் வந்து சேர்ந்ததா என்பது இன்னொன்று.

வாரியம் என்றால் என்ன

தமிழ்நாட்டு வாசகர் ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே அரசு மருத்துவமனைகள் நேராக அரசுத் துறையின் அங்கங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் திட்டப் பணத்தைச் செலவிடும் அமைப்பு. மருத்துவமனைகளுக்கு அது முதலாளி அன்று. நியூசிலாந்தின் மாவட்டச் சுகாதார வாரியமோ தன் வட்டார மருத்துவமனைகளுக்குச் சொந்தக்காரர், அங்குள்ள செவிலியருக்கும் மருத்துவருக்கும் சம்பளம் தருபவர், தன்னால் செய்ய முடியாத சேவையை வெளியிலிருந்து வாங்குபவர், கிளினிக் நடத்தும் குடும்ப மருத்துவர்களுக்குப் பணம் போய்ச் சேரும் வழி, தொற்றுநோய் வந்தால் ஆளனுப்பும் அலுவலகம். 2022 வரை எல்லாம் ஒருசேர அதுவாகவே இருந்தது.

2000ஆம் ஆண்டின் பொதுச் சுகாதார, உடற்குறை உதவிச் சட்டப்படி ஒவ்வொரு வாரியத்துக்கும் அதிகபட்சம் 11 பேர். எழுவரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், நால்வர் வரை அமைச்சர் நியமிக்கலாம். நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பங்கு மக்கள்தொகைக்கு ஏற்ப அமைய அமைச்சர் முயல வேண்டும், எப்படியும் இருவராவது இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்வு செய்வது அமைச்சர். வாரியம் தலைமை நிர்வாகியை வேலைக்கு வைக்கும், ஆண்டுத் திட்டத்தை ஏற்கும், கணக்குப் பார்க்கும். நோயாளியைத் தொடுவது, வார்டுக்கு ஆள் போடுவது, மருந்து வாங்குவது எல்லாம் நிர்வாகியின் வேலை. கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஆனால் சட்டம் அனுமதிக்கும் காரணங்களைச் சொல்லிப் பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு விவாதிக்கவும் முடியும். முக்கியமானவை பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே பேசப்பட்டன என்பது உள்ளூர்ப் பத்திரிகையாளர்களின் தீராத புகார்.

சட்டத்தில் ஒரு முடிச்சு உண்டு. தேர்ந்தெடுத்தவர்கள் மக்கள். ஆனால் வாரியம் பொறுப்புச் சொல்ல வேண்டியது அமைச்சருக்கு. ஆண்டுத் திட்டத்துக்கு அமைச்சரின் கையெழுத்து வேண்டும். வாரியத்தின் செயல்பாட்டில் கடும் அதிருப்தி ஏற்பட்டால் அவர் அதைக் கலைக்கலாம். அதற்கு முன்படியாகத் தன் கண்காணிப்பாளரை உட்கார வைக்கலாம். வாக்குக் கேட்டபோது ‘உங்கள் மருத்துவமனையை மூட விடமாட்டேன்’ என்று சொன்னவர், வென்ற மறுநாள் காலை, தான் அந்த ஊரின் பிரதிநிதி அல்ல, அரசின் ஒரு நிறுவனத்தை நடத்தும் பதினொருவரில் ஒருவர் என்று தெரிந்துகொண்டார்.

நூறாண்டு ஊசல்

இந்த முடிச்சு திடீரென்று விழுந்ததல்ல. 1885இலேயே நியூசிலாந்தில் மருத்துவமனை மாவட்டங்கள் வகுக்கப்பட்டன. அந்நாளைய மருத்துவமனை வாரியங்களின் வருமானத்தில் ஒரு பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வந்தது. செலவைத் தரும் ஊர் செலவழிப்பவரைத் தேர்ந்தெடுத்தது. கணக்கு நேராக இருந்தது. 1938இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவமனைச் சிகிச்சையை இலவசமாக்கிய பிறகு செலவின் பாரம் மெல்ல மெல்ல நடுவண் அரசின் தலைக்கு மாறியது. 1950களில் உள்ளூர் வரிப் பங்கு அறவே நின்றது. தேர்தல் மட்டும் தொடர்ந்தது. தேர்ந்தெடுப்பது ஊர், பணம் தருவது தலைநகர் வெலிங்டன் என்ற பிளவு அங்கேதான் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த எந்தச் சீர்திருத்தமும் இந்தப் பிளவைத் தைக்கவில்லை.

1983இன் சட்டம் மருத்துவமனைகளையும் நோய்த்தடுப்பையும் ஒன்றாக்கி வட்டாரச் சுகாதார வாரியங்களை உருவாக்கியது. பத்தாண்டின் முடிவில் அவை 14 ஆயின. 1991 ஜூலையில், நிதிநிலை அறிக்கை வாசித்த அன்றைய இரவே, நேஷனல் கட்சி அரசு அவற்றைக் கலைத்து ஆணையர்களை நியமித்தது. சந்தைப் பொருளாதாரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்பிய காலம் அது. 1993இல் சேவையை வாங்க 4 வட்டார ஆணையங்கள், விற்க 23 அரசு மருத்துவ நிறுவனங்கள் என்று துறை பிளக்கப்பட்டது. மருத்துவமனைகள் கம்பெனிச் சட்டத்தின்படி பதிவாயின. அவற்றை நடத்த வணிக அனுபவமுள்ள இயக்குநர்கள் வந்தார்கள். மருத்துவமனையில் தங்கும் நோயாளியிடம் இரவுக்கு 50 டாலர் வாங்கும் திட்டம் 1992இல் வந்தது, அடுத்த ஆண்டே மக்கள் கோபத்தில் கைவிடப்பட்டது. வாங்குபவர், விற்பவர் ஏற்பாடு அந்தப் பத்தாண்டு முடியும்வரை உருமாறி உருமாறி இழுத்துக்கொண்டு போனது.

1999இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, அமைச்சர் ஆனெட் கிங்கின் பொறுப்பில், 2001 ஜனவரி 1 முதல் 21 மாவட்டச் சுகாதார வாரியங்களைத் தொடங்கியது. 2010இல் ஒட்டாகோவும் சவுத்லாந்தும் இணைந்து சதர்ன் வாரியம் ஆனபோது 20 ஆயிற்று. கம்பெனிகளின் பத்தாண்டுக்குப் பிறகு மக்களிடம் மருத்துவமனையைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதே அன்றைய முழக்கம்.

தேர்தலின் மெய்யும் பொய்யும்

2004 முதல் வாரியத் தேர்தல்கள் ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடந்தன. நம் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுகிற முறை. ஆனால் அதே உறையில் வந்த நகர மன்ற வாக்குக்குப் பெரும்பாலான ஊர்களில் பழையபடி டிக் அடித்தால் போதும். ஒரே தாளில் ஓரிடத்தில் எண், இன்னோரிடத்தில் டிக். குழம்பியவர்கள் பலர், அந்தப் பகுதியை வெறுமையாக விட்டவர்கள் அதைவிட அதிகம். வென்றவர்கள் யார் என்று பார்த்தால் முன்னாள் மேயர்கள், ஓய்வுபெற்ற மருத்துவர்கள், ஊரறிந்த செவிலியர்கள், ஏற்கெனவே நகர மன்றத்தில் இருந்தவர்கள். பட்டியலில் கண்ணுக்குத் தெரிந்த பெயர் வென்றது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு பெரிய குற்றமாகத் தெரியவில்லை. ஊரறிந்தவருக்கு ஊரின் வசவும் வந்து சேரும்.

ஸ்காட்லாந்து இதையே சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. அங்கே 14 வட்டார வாரியங்கள், எல்லாம் நியமனம். 2010 ஜூனில் ஃபைஃப், டம்ஃப்ரீஸ் – காலவே என்ற இரண்டு வாரியங்களுக்கு மட்டும் நேரடித் தேர்தல் நடத்தினார்கள். 16 வயதினருக்கும் வாக்கு கொடுத்தார்கள். ஃபைஃபில் வாக்களித்தவர்கள் மிகச் சிலரே. டம்ஃப்ரீஸில் அதைவிட அதிகம், அதுவும் பெருமைப்படத் தக்கதல்ல. வாக்குப்பதிவு குறைவு, செலவு அதிகம், முடிவுகளில் பெரிய மாற்றமில்லை என்று சொல்லி 2013இல் அந்த யோசனை ஓரங்கட்டப்பட்டது. தேர்தலில் ஆர்வமில்லை என்பதை மருத்துவமனையில் அக்கறையில்லை என்று வாசிப்பது தவறு. சின்ன மருத்துவமனையில் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள் என்றால் இதே மக்கள்தான் சாலையில் நிற்கிறார்கள். வாக்களித்து எதுவும் மாறாது என்று தெரிந்தவர்கள் வாக்களிக்கவில்லை, அவ்வளவே.

தேர்தலால் ஒரு பெரிய இடைவெளியை நிரப்ப முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாவோரி மக்களின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஏழாண்டு குறைவு. மாவோரிகளோடு செய்துகொண்ட 1840இன் வைதாங்கி ஒப்பந்தம் அரசின்மேல் சுமத்திய கடமைகளைச் சுகாதாரத் துறை நிறைவேற்றவில்லை என்று வைதாங்கித் தீர்ப்பாயம் 2019இல் அறிக்கை தந்தது. எழுவருக்கான தேர்தலில் பெரும்பான்மை எப்போதும் பெரும்பான்மையே. மாவோரி உறுப்பினர்களை உட்கார வைக்க அமைச்சரின் நான்கு நியமனங்களையே நம்பவேண்டியிருந்தது. நியமனம் என்றாலே மக்களாட்சிக்கு எதிரானது என்று முகம் சுளிப்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

பணம் யாருடையது

வாரியங்களின் உண்மையான பலவீனம் வரவு செலவில் இருந்தது. வெலிங்டனிலிருந்து வரும் பணம் மக்கள்தொகைச் சூத்திரப்படி பிரியும். வயது, வறுமை, இனம், தொலைவு எல்லாம் அதில் எடையிடப்படும். சூத்திரத்தைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்த பணத்தில் வாரியம் சொந்தமாக முடிவு செய்யக்கூடியது எவ்வளவு? செவிலியர், மருத்துவர் சம்பளம் தேசிய அளவில் தொழிற்சங்கங்களோடு பேசி முடிவாகும். எந்த மருந்துக்கு அரசு பணம் தரும் என்பதை ஃபார்மாக் என்ற தனி நிறுவனம் முடிவு செய்யும். பெரிய கட்டடம் கட்ட அமைச்சரவையின் சம்மதம் வேண்டும். கட்டியபின் அந்தச் சொத்துக்காக அரசுக்கே ஆண்டுதோறும் முதலீட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். தன் மாவட்ட நோயாளி பக்கத்து மாவட்டத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் அந்த வாரியத்துக்குப் பணம் கட்ட வேண்டும். வரி போடும் உரிமை கிடையாது. எஞ்சுவது பற்றாக்குறை ஒன்றுதான். அதில் வாரியங்களுக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. 2018–19இல் 20 வாரியங்களின் பற்றாக்குறையைக் கூட்டினால் சுமார் 100 கோடி டாலர்.

பற்றாக்குறை முற்றியபோது அமைச்சர்கள் செய்தது கலைப்பு. 2008 பிப்ரவரியில் சுகாதார அமைச்சர் டேவிட் கன்லிஃப் ஹாக்ஸ் பே வாரியத்தைக் கலைத்தார். தேர்தல் முடிந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வட்டார மேயர்கள் எதிர்த்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஆட்சி மாறியது, நீக்கப்பட்டவர்கள் திரும்ப வந்தார்கள். 2015 ஜூனில் சதர்ன் வாரியம். டனீடின், இன்வர்கார்கில் என்று ஒன்றுக்கொன்று 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு பெரிய மருத்துவமனைகள், இடையில் மலையும் பண்ணையுமாகச் சிதறிக்கிடக்கும் ஊர்கள், பழுதடைந்த கட்டடம். எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத மாவட்டம் அது. ஆணையர் வந்தார். 2016 தேர்தல் அங்கே நடக்கவே இல்லை. 2019 முடிய மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே காலம் ஓடியது. பற்றாக்குறை ஆணையர் காலத்திலும் தீரவில்லை. குறை ஆட்களிடமா, ஏற்பாட்டிலா என்று கேட்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனாலும் 2019இல் வைகாட்டோவிலும் அதே மருந்தையே கொடுத்தார்கள்.

கேன்டர்பரி வாரியத்தின் கதை இன்னும் சிக்கலானது. 2011 நிலநடுக்கத்தில் கிறைஸ்ட்சர்ச் மருத்துவமனைக் கட்டடங்கள் சேதமடைந்தன. அந்த நெருக்கடிக்குள்ளும் குடும்ப மருத்துவரையும் மருத்துவமனையையும் இணைத்து நோயாளிகளை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். அதைப் பார்த்துப் படிக்க வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்துபோனார்கள். அதே வாரியம் பற்றாக்குறையில் முழுகியது. 2020இல் செலவைக் குறைக்கச் சொல்லி வாரியமும் அமைச்சர் அனுப்பிய கண்காணிப்பாளரும் நெருக்க, தலைமை நிர்வாகி உள்பட மூத்த அதிகாரிகள் ஏழு பேர் சில வாரங்களுக்குள் ராஜினாமா செய்தார்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் மருத்துவமனைக்கு வெளியே வந்து தங்கள் நிர்வாகிகளுக்காக நின்றார்கள். வாரியம் ஊரின் பக்கம் நின்று வெலிங்டனோடு மல்லுக்கட்டும் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு, வெலிங்டனின் குரலிலேயே வாரியம் பேசியது அதிர்ச்சியாக இருந்தது. சட்டத்தை வாசித்தவர்களுக்கு அதிர்ச்சியில்லை. வாரியம் அமைச்சருக்குக் கட்டுப்பட்டது. மக்களின் கோபத்தைத் தாங்கிக்கொள்ளும் திரையாக, தேர்தலில் வென்ற உறுப்பினர்கள் பயன்பட்டார்கள். அமைச்சர் ‘அது வாரியத்தின் முடிவு’ என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

மேசைக்கு வராதவை

பணம் இருந்தும் வாரியம் குருடாக இருக்க முடியும். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனை இதற்குப் பெயர்போன சான்று. 2005க்கும் 2008க்கும் இடையே அங்கே நோயாளிகள் கவனிப்பாரில்லாமல் கிடந்தார்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்பதை மருத்துவப் பயிற்சியே இல்லாத வரவேற்பு ஊழியர்கள் முடிவு செய்தார்கள். அந்நாட்களில் மருத்துவமனையை நடத்திய மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் வாரியத்தின் கவனம் வேறிடத்தில் இருந்தது. 2006–07இல் 1 கோடி பவுண்டு மிச்சம் பிடிப்பது, அதைக் காட்டி ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ என்ற தன்னாட்சித் தகுதியைப் பெறுவது, இவையே குறி. 2008 பிப்ரவரியில் அந்தத் தகுதியும் கிடைத்தது. அடுத்த ஆண்டு உண்மை வெளியே வந்தது. அதை வெளியே கொண்டுவந்தவர்களில் முதலிடம் தாயை அங்கே பறிகொடுத்த ஜூலி பெய்லி என்ற பெண்ணுக்கும் அவரோடு சேர்ந்த குடும்பங்களுக்கும். ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013இல் 290 பரிந்துரைகளைத் தந்தது. அதன் சாரம்: வாரியம் இலக்குகளையும் கணக்கையும் பார்த்தது, நோயாளிகளின் புகார்களைப் பார்க்கவில்லை.

விக்டோரியாவின் பாக்கஸ் மார்ஷ் இன்னொரு ரகம். மெல்பர்னுக்கு மேற்கே இருக்கும் சிறு நகரம் அது. மருத்துவமனையை நடத்தியது ஜெரிவாரா சுகாதாரச் சேவை. அங்கே 2013, 2014இல் பிரசவத்தை ஒட்டி நேர்ந்த 10 சிசு மரணங்களைப் பேராசிரியர் யூவன் வாலஸ் ஆராய்ந்தார். அவற்றில் 7 தவிர்த்திருக்கக் கூடியவை. அந்த அளவுள்ள மருத்துவமனையில் இது நினைத்தே பார்க்க முடியாத எண்ணிக்கை. வாரியத்துக்குத் தெரியவில்லை. துறைக்கும் தெரியவில்லை. தாய் சேய் மரணங்களைப் பரிசீலிக்கும் மாநிலக் குழு ஒன்று 2015இல் எண்களைப் பார்த்துச் சந்தேகப்பட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது. அந்த மருத்துவமனையிடம் தரச் சான்றிதழ் இருந்தது. வாரியத்தைக் கலைத்தார்கள்.

ஸ்டீபன் டக்கெட் தலைமையில் அடுத்து நடந்த ஆய்வு 2016 அக்டோபரில் வெளியானது. விக்டோரியாவில் அன்று 80க்கும் மேற்பட்ட சுகாதார வாரியங்கள், எல்லாம் நியமனம். பெரு மருத்துவமனைகளின் வாரியங்களில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் தணிக்கையாளர்களும் நிரம்பியிருக்க, சிற்றூர் வாரியங்களில் ஊருக்கு நல்லது செய்ய முன்வந்தவர்கள் இருந்தார்கள். மருத்துவத் தரத்தைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத வாரியங்களும் இருந்தன. நிர்வாகி ‘எல்லாம் சரியாகப் போகிறது’ என்றால் அதை மறுக்க அவர்களிடம் எண் இல்லை. ஒவ்வொரு வாரியத்திலும் மருத்துவ அறிவுள்ளவர் இருக்க வேண்டும், ஒருவரே ஆண்டுக்கணக்கில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, மரண விவரங்களையும் தரக் குறியீடுகளையும் மருத்துவமனை நிர்வாகத்தைச் சாராத அமைப்பு தொகுத்து வாரியத்துக்குத் தர வேண்டும் என்றது அறிக்கை. அதன் விளைவாக 2017இல் ‘சேஃபர் கேர் விக்டோரியா’ என்ற மருத்துவத் தரக் கண்காணிப்பு அமைப்பு உருவானது. இக்கட்டுரைக்காகப் பார்த்த சீர்திருத்தங்களிலேயே, யார் உட்காருவது என்பதோடு நில்லாமல் உட்கார்ந்தவருக்கு என்ன தெரியவேண்டும் என்று கேட்டது இது ஒன்றுதான்.

வடக்கு வேல்ஸின் பெட்ஸி காட்வாலட்ர் வாரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2009இல் உருவான அது சுமார் 7 லட்சம் பேருக்குப் பொறுப்பு. முதியோர் மனநல வார்டு ஒன்றில் நோயாளிகள் நடத்தப்பட்ட விதம் பற்றிய அறிக்கையைத் தொடர்ந்து 2015 ஜூனில் அரசின் நேரடித் தலையீடான ‘சிறப்பு நடவடிக்கை’யின் கீழ் கொண்டுவரப்பட்டது. ஐந்தாண்டுக்கு மேல் அப்படியே இருந்து, 2020 நவம்பரில் விடுபட்டு, 2023 பிப்ரவரியில் மறுபடி அதே நிலைக்கு வந்தது. இரண்டாம் முறை அமைச்சர் எலூனெட் மோர்கன், நிர்வாகம் சாராத உறுப்பினர்களான தலைவர் முதலிய 11 பேரையும் விலகச் சொன்னார். விலகியவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: கணக்கிலும் சேவையிலும் கோளாறு இருக்கிறது என்று நிர்வாகிகளைக் குடைந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள், எங்களை அனுப்பிவிட்டு அவர்களை வைத்துக்கொள்வதா? அமைச்சரிடமும் பதில் இருந்தது. இரு தரப்புக்கும் இடையே பேச்சுவார்த்தையே முறிந்துபோயிருப்பதாகத் தணிக்கை அலுவலகம் அப்போதுதான் எழுதியிருந்தது. இதில் நான் உறுப்பினர்கள் பக்கம். கேள்வி கேட்பவர் போய்விட்டால் கூட்டம் அமைதியாக நடக்கும். அந்த அமைதியின் விலையை ஸ்டாஃபர்ட் ஏற்கெனவே காட்டியிருக்கிறது.

நியூசிலாந்திலும் இதன் சிறு வடிவம் உண்டு. ஒட்டாகோ வாரியத்தின் கணினிப் பிரிவிலிருந்து, செய்யாத வேலைக்குப் போலி ரசீது போட்டு, ஆறாண்டில் 1.69 கோடி டாலர் களவுபோனது. 2006இல் வெளிப்பட்ட பின் குற்றவாளிகள் சிறைக்குப் போனார்கள். 2009இல் அமைச்சர் டோனி ரயல் வாரியத் தலைவரையும் பதவி நீக்கினார். திருட்டு நடந்தபோது வாரியத்தின் தணிக்கை அறிக்கைகள் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தன.

ஒரே வாரியம்

நியூசிலாந்தில் ஹெதர் சிம்ப்சன் தலைமையிலான மறுஆய்வுக் குழு 2020இல் வாரியங்களை 8 முதல் 12 வரை குறைக்கலாம், தேர்தலை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தது. பின்னர் பொறுப்புக்கு வந்த தொழிற்கட்சி அமைச்சர் ஆண்ட்ரூ லிட்டில் அதைத் தாண்டிப் போனார். 2021 ஏப்ரலில் எல்லா வாரியங்களையும் ஒழிப்பதாக அறிவித்தார். இருக்கும் ஊரைப் பொறுத்துச் சிகிச்சை கிடைப்பதும் கிடைக்காததும் என்ற நிலை மாற வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். கோவிட் காலத்தில் 12 நோய்த்தடுப்புப் பிரிவுகள் தனித்தனியாகத் தொற்றுத் தொடர்புகளைத் தேடித் திணறியதும் மையத்தின் பக்கம் காற்றைத் திருப்பியது. குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் முடிவை வாரியங்களிடம் கொடுப்பதாக 2016இல் இருந்த யோசனை, 2021இல் சட்டமாகும்போது தலைநகரின் சுகாதாரத் தலைமை இயக்குநரிடம் போய்ச் சேர்ந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 2022இல் ‘டெ ஃபாட்டு ஓரா’ என்ற ஒரே தேசிய நிறுவனமும், அதன் பக்கத்தில் மாவோரி சுகாதார ஆணையமும் வந்தன.

அடுத்து நடந்தவை வேகமானவை. 2023இல் ஆட்சி மாறியது. மாவோரி ஆணையம் 2024 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. ஜூலையில், மாதம் 13 கோடி டாலர் வரம்பு மீறிச் செலவாகிறது என்று அரசு சொல்லி, தேசிய வாரியத்துக்குப் பதில் லெஸ்டர் லெவியை ஆணையராக நியமித்தது. அதற்கு முன் கேன்டர்பரிக்கு அமைச்சரின் கண்காணிப்பாளராகப் போனவர் அவரே. 20 வாரியங்களின் பற்றாக்குறைகள் ஒரே இடத்தில் சேர்ந்தன, கலைப்பும் ஒரே தடவையில் முடிந்தது. 2025இல் மறுபடியும் வாரியம் அமைத்தார்கள், தலைவரும் லெவியே.

ஆல்பர்ட்டா இதை முன்பே செய்து பார்த்துவிட்டது. 2008இல் ஒன்பது வட்டாரங்களை ஒன்றாக்கி ‘ஆல்பர்ட்டா ஹெல்த் சர்வீசஸ்’ தொடங்கினார்கள். உயரதிகாரிகளின் போனஸ் தகராறில் 2013இல் அதன் வாரியத்தைக் கலைத்தார்கள். 2022இலும் 2025இலும் திரும்பவும் கலைத்தார்கள். அந்த ஒற்றை நிறுவனத்தையே நான்காகப் பிரிக்கவும் தொடங்கினார்கள். ஒன்றாக்கினால் சிக்கனம், பிரித்தால் பொறுப்புணர்வு என்று ஒவ்வொரு முறையும் அறிவிப்பு வருகிறது. பெயர்ப்பலகை மாற்றும் செலவும், திறமையான அதிகாரிகள் இரண்டாண்டு தங்கள் நாற்காலியைக் காப்பாற்றுவதிலேயே கழிப்பதும் எந்த அறிவிப்பிலும் இருப்பதில்லை.

வட்டார வாரியங்கள் தேவை என்றே நினைக்கிறேன். டனீடினின் பிரச்சினையை ஆக்லாந்தின் பிரச்சினையோடு ஒரே தாளில் எழுதிப் பார்ப்பவருக்கு இரண்டுமே புரியாது. ஆனால் பழைய ஏழும் நான்குமான ஏற்பாட்டை அப்படியே தூசி தட்டி எடுத்து வைப்பதில் பயனில்லை. வாரியம் கேட்ட பணத்தை மறுக்கும் அமைச்சர், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தந்து வெளியிட வேண்டும். அப்போது பழி யாருடையது என்று ஊருக்குத் தெரியும். மரணங்கள், புகார்கள், காத்திருப்போர் பட்டியல் ஆகியவை தலைமை நிர்வாகியின் கையைத் தாண்டி நேராக உறுப்பினர்களுக்கும், பெயர்கள் நீக்கிய வடிவில் பொதுமக்களுக்கும் போக வேண்டும். வாரியத்தைக் கலைத்தால் ஓராண்டுக்குள் புதியது வந்தாக வேண்டும். தனி அலுவலர் ஆட்சி நீண்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த மூன்றும் சட்டத்தில் ஏறிவிட்டால், உறுப்பினர்கள் தேர்தலில் வந்தார்களா, நியமனத்தில் வந்தார்களா என்ற சண்டையின் சூடு பாதி தணிந்துவிடும். நியூசிலாந்தின் 2000, 2022 சட்டங்கள் இரண்டிலும் இம்மூன்றில் ஒன்றுகூட முழுமையாக இடம்பெறவில்லை.